மதுரையிலிருந்து எந்தக் கடலுக்கு? ராமேஸ்வரம், கன்னியாகுமரி, கொற்கைக் கரை: ஓர் ஒப்பீடு

மதுரைக்கு வரும் உறவினர்கள் முதல் நாள் மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் பார்த்து முடித்ததும், இரவுச் சாப்பாட்டின்போது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இன்னும் இரண்டு நாள் கையில் இருக்கிறது, பழைய ஊராகவும் இருக்க வேண்டும், கடலும் இருக்க வேண்டும், எங்கே போகலாம்? வில்லாபுரத்தில் உள்ள எங்கள் வீட்டில் இதற்கு நெடுங்காலமாக இரண்டே விடைகள்தான் இருந்தன. பெரியவர்கள் வந்தால் ராமேஸ்வரம், பிள்ளைகள் வந்தால் கன்னியாகுமரி. சில ஆண்டுகளாக நான் மூன்றாவதாக ஒரு கரையையும் சொல்லி வருகிறேன். தூத்துக்குடியில் தொடங்கி, கொற்கை, திருச்செந்தூர் வழியாக மணப்பாடு வரை போகும் கரை அது. மூன்றுக்கும் பல முறை ஆட்களை அழைத்துச் சென்று வந்தவன் என்ற முறையில், மதுரையைப் பார்த்துவிட்டு வருபவருக்கு இந்த மூன்றாவது கரையே மற்ற இரண்டையும்விடப் பொருத்தமானது என்று நினைக்கிறேன்.

முதலில் ராமேஸ்வரம். மதுரையிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர். மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறினால் சுமார் நான்கு மணி நேரம் ஆகும். ஆனால் இந்தப் பயணத்தை ரயிலில்தான் செய்ய வேண்டும். 1914 இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்ட பிறகு, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ரயில்கள் தீவுக்குள் போகவில்லை. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டதும் மீண்டும் போகத் தொடங்கின. பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டு கைகளாகப் பிரிந்து மேலே எழுந்தது. புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு அப்படியே கிடைமட்டமாக 17 மீட்டர் உயரத்துக்குத் தூக்கப்பட்டுக் கப்பலுக்கு வழி விடுகிறது. வண்டி வேகம் குறைந்து பாலத்தில் ஏறும்போது பெட்டியில் இருப்பவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுச் சன்னல் பக்கம் நகர்வதை ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன். சாலைப் பாலத்தின் வழியே காரில் போகிறவர்களுக்கு இந்த அனுபவம் பாதிதான் கிடைக்கிறது.

கோயிலுக்குள் போனால், மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தை முந்தின நாள் பார்த்தவருக்கு ஒரு வேறுபாடு உடனே புலப்படும். மதுரையில் தூணுக்குத் தூண் சிற்பம் மாறுகிறது. ஒவ்வொன்றின் முன்னும் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. ராமேஸ்வரத்தின் மூன்றாம் பிரகாரத்தில் 1,212 தூண்கள் ஏறக்குறைய ஒரே அமைப்பில் வரிசையாக நிற்பதால், அங்கே தூணைப் பார்ப்பதில்லை, தூரத்தைப் பார்க்கிறோம். சேதுபதி மன்னர்கள் 18 ஆம் நூற்றாண்டில் கட்டி முடித்த பிரகாரம் இது. விடியற்காலையில், 22 தீர்த்தங்களில் நீராடிய கூட்டம் ஈரத் துணியோடு ஒரு கிணற்றிலிருந்து அடுத்த கிணற்றுக்கு நடக்கும்போது கல் தரை முழுவதும் நனைந்துவிடும். கிணற்றின் விளிம்பில் ஏறி நிற்கும் ஊழியர், கயிறு கட்டிய வாளியில் தண்ணீரை இறைத்து, கீழே குனிந்து நிற்பவர்களின் தலையில் ஒரே வீச்சில் ஊற்றுவார். என் பெரியம்மா எட்டாவது தீர்த்தத்துக்குப் போகும் வழியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். அடி எதுவும் இல்லை என்றாலும், மிச்சமிருந்த கிணறுகளுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டேதான் வந்தார். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு துணை இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஈர உடையோடு சன்னதிக்குப் போக முடியாது என்பதால் மாற்றுத் துணியும் கையில் இருக்க வேண்டும்.

ராமேஸ்வரத்துக்குப் போய்த் தனுஷ்கோடியைப் பார்க்காமல் திரும்புவது பெரிய இழப்பு. 1964 டிசம்பர் 22 இரவில் அடித்த புயல், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் ஊரையும் சேர்த்துக் கொண்டு போனது. இடிந்த தேவாலயத்தின் சுவர்களும் ரயில் நிலையத்தின் எச்சங்களும் மணலில் நிற்கின்றன. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை 2017 இல் திறக்கப்பட்டது. அந்தச் சாலையின் ஒரு பக்கக் கடலைப் பெண் கடல் என்றும் மறுபக்கத்து மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் அங்குள்ள மீனவர்கள் சொல்கிறார்கள். ஒன்று அலையின்றிக் கிடக்க, இன்னொன்று கரையில் மோதுவதைக் கண்ணால் பார்த்தால் பெயரின் காரணம் விளங்கிவிடும். மாலைக்கு மேல் அங்கே இருக்க விடமாட்டார்கள் என்பதால், காலையில் தரிசனம், பிற்பகலில் தனுஷ்கோடி என்று வைத்துக்கொள்வது நல்லது. ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளில் சுற்றிப் பார்க்கும் எண்ணத்தோடு போக வேண்டாம். அந்த நாட்கள் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்ய வருகிறவர்களுக்கு உரியவை.

போகும் வழியில் கீழடி அருங்காட்சியகமும், ராமநாதபுரத்தில் சேதுபதிகளின் ராமலிங்க விலாசத்து ஓவியங்களும் இருக்கின்றன. இரண்டிலும் இறங்க விரும்பினால் ரயிலை விட்டுக் காரில்தான் போக வேண்டும்.

இனிக் கன்னியாகுமரி. தொலைவு சுமார் 245 கிலோமீட்டர் என்றாலும் முழுவதும் நான்கு வழிச் சாலை என்பதால் காரில் நான்கு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வழியில் கட்டபொம்மன் 1799 இல் தூக்கிலிடப்பட்ட கயத்தாறு வருகிறது. சாலையோரத்தில் நினைவிடம் இருக்கிறது, பத்து நிமிடம் நின்று போகலாம். ஊருக்குள், 1970 இல் திறக்கப்பட்ட விவேகானந்தர் பாறை நினைவு மண்டபமும், 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலையும், இரண்டையும் இணைத்து 2024 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட 77 மீட்டர் கண்ணாடிப் பாலமும் பிள்ளைகளுக்கு நிச்சயம் பிடிக்கும். பீடம் 38 அடி, சிலை 95 அடி. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களையும் மற்ற இரு பால்களின் 95 அதிகாரங்களையும் குறிப்பவை என்று சொன்னவுடன் என் தங்கை மகன் தன் குறள் புத்தகத்தின் பொருளடக்கத்தை எண்ணிப் பார்க்க வேண்டும் என்றான். இப்படி ஓர் ஆர்வத்தை மற்ற இரண்டு கரைகளிலும் நான் பிள்ளைகளிடம் கண்டதில்லை.

இருந்தாலும் கன்னியாகுமரி ஊரை மட்டும் பார்ப்பவருக்குப் பழமை அவ்வளவாகக் கிடைப்பதில்லை. பகவதியம்மன் கோயிலைத் தவிர அங்கே கண்ணில் படுபவை பெரும்பாலும் கடந்த எழுபது ஆண்டுகளில் எழுந்தவை. படகு ஓடுமா என்பதைக் காற்றும் நீர்மட்டமும்தான் தீர்மானிக்கின்றன. காலையில் சென்று வரிசையில் நின்று, படகு நிறுத்தம் என்ற அறிவிப்போடு திரும்பிய நாட்களும் உண்டு. அந்த ஊரின் வரலாற்றுக் கனம் உண்மையில் சுற்றுப்புறத்தில்தான் இருக்கிறது. சுசீந்திரத்தில் தாணுமாலயன் கோயிலின் இசைத் தூண்கள், கடலை ஒட்டிய வட்டக்கோட்டை, எல்லாவற்றுக்கும் மேலாகத் தக்கலை அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனை. திருவிதாங்கூரின் பழைய தலைநகரமான இந்த மர அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரள அரசின் பொறுப்பில் இருக்கிறது, திங்கட்கிழமை மூடப்பட்டிருக்கும். திருமலை நாயக்கர் மகாலின் பெருந்தூண்களுக்குக் கீழே முந்தின நாள் நின்றவர், பத்மநாபபுரத்தின் தாழ்ந்த மர விட்டங்களுக்குக் கீழே குனிந்து நடக்கும்போது, ஆட்சியைக் கட்டடத்தில் காட்டுவதற்கு இரண்டு முற்றிலும் வேறான முறைகள் இருந்திருக்கின்றன என்பதை உணர்வார். இந்த அரண்மனைக்கு அரை நாள் ஒதுக்க முடியாதவருக்கு நான் கன்னியாகுமரியைப் பரிந்துரைப்பதில்லை.

ராமேஸ்வரத்தையும் கன்னியாகுமரியையும் இரண்டே நாளில் சேர்த்துக் காட்டுவதாகச் சொல்லும் வேன் பயணங்கள் உண்டு. ஒருமுறை அப்படி ஒன்றில் சித்தப்பா குடும்பத்தை அனுப்பிவிட்டு இன்றும் வருந்துகிறேன். இரண்டுக்கும் இடையே 300 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அவர்கள் கடலைப் பார்த்ததைவிட வேனின் முன் இருக்கையின் முதுகைப் பார்த்ததே அதிகம்.

மூன்றாவது கரைக்கு வருகிறேன். மதுரையிலிருந்து தூத்துக்குடி ஏறத்தாழ 140 கிலோமீட்டர். அருப்புக்கோட்டை வழியாக நான்கு வழிச் சாலையில் இரண்டரை மணி நேரம். மூன்று கரைகளில் இதுவே மிக அருகில் இருக்கிறது. போகிற வழியே ஒரு வரலாற்றுப் பாடம். எட்டயபுரத்தில் 1882 இல் பாரதி பிறந்த வீட்டைப் பார்க்கலாம்; சற்று விலகினால் 1872 இல் வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரமும் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சியும் இருக்கின்றன. அந்த வ.உ.சி.தான் 1906 இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார் என்பதை, துறைமுகத்தை நெருங்கும்போது சொன்னால் யாருக்கும் அது வெறும் பாடப்புத்தகச் செய்தியாகப் படுவதில்லை.

தூத்துக்குடிக்குள் நுழைகையில் இருபுறமும் உப்பளங்கள். வெயிலில் அந்த வெள்ளைக் குவியல்களைக் கண் கூசாமல் பார்க்க முடியாது. மழைக்காலத்துக்கு முன்னதாக அவற்றின் மேல் பனை ஓலை வேய்ந்து வைத்திருப்பார்கள். ஊருக்குள் பனிமய மாதா பேராலயம், 1713 இல் கட்டப்பட்டது. 1530களில் கத்தோலிக்க சமயத்தைத் தழுவிய பரதவர்களின் கோயில் இது. ஆகஸ்ட் 5 அன்று நிறைவுபெறும் திருவிழாவில் சமயம் பாராமல் கூட்டம் சேரும். போர்த்துக்கீசியர், 1658 முதல் டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என்று ஒருவர் பின் ஒருவராக இந்தக் கரைக்கு வந்ததற்குக் காரணம் முத்து. முத்துக்குளிப்பு 1961 ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது; சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். புறப்படும் முன், முந்திரியும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் செய்யும் மக்ரூன் ஒரு பெட்டி வாங்கிக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம்.

ஆனால் நான் மிகவும் விரும்பி அழைத்துப் போவது கொற்கைக்கு. அங்கே பெரிய கட்டடம் எதுவும் கிடையாது. வாழைத் தோட்டமும் வயலும் குளமும் பழைய வன்னி மரமும்தான். பாண்டியரின் துறைமுகமாக, கிரேக்கர்கள் கொல்கோய் என்று எழுதி வைத்த ஊர், தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே தள்ளிப்போய்விட்டது. 1968 இல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை இங்கே அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டின் காலம் பொ.ஆ.மு. (கி.மு.) 785 அளவில் என்று கணிக்கப்பட்டது. நாணயம் அடிக்கும் இடத்துக்கு அக்கசாலை என்று பெயர். அந்தப் பெயரை இன்றும் சுமந்துகொண்டு அக்கசாலைப் பிள்ளையார் அங்கே அமர்ந்திருக்கிறார். குளத்தை ஒட்டி வெற்றிவேல் செழிய நங்கை கோயில் இருக்கிறது. கோவலனுக்கு நேர்ந்த அநீதியால் நெடுஞ்செழியன் மதுரையில் உயிர் விட்ட பிறகு, கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன்தான் கண்ணகிக்கு விழா எடுத்தான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. மீனாட்சியம்மன் கோயிலின் ஆடி வீதிகளில் முந்தின நாள் நடந்த கால்கள், மறுநாள் இந்தக் குளக்கரையில் நிற்கும்போது, மதுரைக்கு ஒரு கடல் இருந்தது என்பதும், அந்தக் கடல் இதுதான் என்பதும் சொல்லாமலே விளங்குகின்றன. ராமேஸ்வரம் சேதுபதிகளின் கடல். கன்னியாகுமரியின் அண்மைக்கால வரலாறு திருவிதாங்கூரோடு பின்னியது. கொற்கை ஒன்றுதான் மதுரையின் சொந்தத் துறை.

அங்கிருந்து திருச்செந்தூர் பக்கம்தான். அலை தொடும் தூரத்தில் முருகன் கோயில், 137 அடி ராஜகோபுரம், உப்புக் கடலை ஒட்டியே கரிப்பில்லாத தண்ணீர் ஊறும் நாழிக்கிணறு. 2025 ஜூலை 7 அன்று குடமுழுக்கு நடந்தது. கந்தசஷ்டியும் வைகாசி விசாகமும் தவிர்த்த வார நாட்களில் ஓரளவு அமைதியாகத் தரிசிக்கலாம். இன்னும் தெற்கே மணப்பாட்டில், 1542 இல் வந்த புனித சவேரியார் தங்கிய குகையும் குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயமும் இருக்கின்றன. மூன்று கரைகளிலும் சேர்த்து எனக்குப் பிடித்த மாலைப்பொழுது இந்த மணப்பாட்டுக் குன்றில்தான்: ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் உப்பங்கழி, நடுவில் வலை காயும் மணல்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கரைக்கு ஒரே ஊரில் இறங்கி எல்லாவற்றையும் நடந்து பார்க்கும் வசதி இல்லை. சொந்த வண்டியோ வாடகைக் காரோ இல்லாமல் கொற்கைக்கும் மணப்பாட்டுக்கும் போய்வருவது சிரமம். கொற்கையில் பெயர், காலம், கதை எல்லாவற்றையும் உடன் வருபவர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்ல ஆள் இல்லாவிட்டால் அது ஒரு சாதாரணக் கிராமமாகவே தெரியும். முதுமக்கள் தாழிகள் கிடைத்த ஆதிச்சநல்லூரில் அப்படியில்லை. தோண்டிய குழிகளையும் தாழிகளையும் இருந்த இடத்திலேயே கண்ணாடித் தளத்தின் வழியே பார்க்கலாம். திரும்பும்போது திருச்செந்தூர்–நெல்லைச் சாலையில் வந்தால் அதையும் சேர்த்துக்கொள்ள முடியும்.

ஆகவே கேட்கிறவரைப் பொறுத்து நான் சொல்வது மாறுகிறது. வேண்டுதலோ தர்ப்பணமோ இருக்கிறவருக்கும், ரயிலில் மட்டுமே போக முடிகிறவருக்கும் ராமேஸ்வரம், அங்கே ஓர் இரவு தங்குவது என்ற நிபந்தனையோடு. பள்ளிப் பிள்ளைகளோடு வந்து, பத்மநாபபுரத்துக்கும் நேரம் ஒதுக்குகிறவருக்குக் கன்னியாகுமரி. கார் வைத்திருந்து, மதுரையைப் பார்த்த கையோடு அதன் தொடர்ச்சியைத் தேடுகிறவருக்குத் தூத்துக்குடி, கொற்கை, திருச்செந்தூர், மணப்பாடு. வருகிற மார்கழியில் பெரியம்மா மீண்டும் வருகிறார். "இந்தத் தடவை கடலும் வேணும், வழுக்காத கோயிலும் வேணும்யா" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு எட்டயபுரத்தில் காப்பி, மதியம் கொற்கை, இரவு திருச்செந்தூரில் தங்கல் என்று எழுதி வைத்திருக்கிறேன்.