‘ஓவர்கிளாக் செய்து தரப்படும்’ போர்டைப் பார்த்து ஏமாந்தேன், 4,500 ரூபாய் போச்சு

அறையில் கருகிய வாடை இன்னும் போகவில்லை. நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு ‘டப்’ என்று ஒரு சத்தம். தம்பியின் கம்ப்யூட்டர் அணைந்தது, கூடவே வீட்டு ட்ரிப்பரும் விழுந்தது. பதினோரு நாளுக்கு முன்னால் இதே கம்ப்யூட்டருக்குத்தான் 4,500 ரூபாய் அழுதேன்.

கடைப் பெயரைப் போடவில்லை. தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில், கலர் கலராக லைட் போட்டு, ‘கேமிங் பிசி சர்வீஸ்’ என்று எழுதி வைத்திருக்கும் சின்னக் கடை. அந்த மாதிரி ஒன்று உங்கள் ஏரியாவிலும் இருக்கும்.

எங்கள் மெஷின் பழசு. 2017-ல் அசெம்பிள் செய்தது. ஐ5 7400 பிராசஸர், ரேடியான் ஆர்எக்ஸ் 470, 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. புது கேம் எல்லாம் திணறுகிறது, புது கார்டுக்குக் காசு இல்லை. ஓவர்கிளாக் செய்தால், அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் கார்டை ஓட்டினால், கொஞ்சம் வேகம் கிடைக்கும், ஆஃப்டர்பர்னர் என்ற சாஃப்ட்வேர் இலவசம், நானே செய்கிறேன் என்று தம்பி சொன்னான். “நீ கை வைத்துக் கெடுத்துடாதே, தெரிந்தவர்களிடம் கொடுப்போம்” என்று தடுத்தவன் நான். அதை நினைத்தால்தான் இப்போது எரிகிறது.

சிபியுவைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனோம். கொருக்குப்பேட்டை கேட்டில் வழக்கம்போல கூட்ஸ் வண்டி. அரை மணி நேரம் குழந்தையைப் பிடித்திருப்பது போலப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைக்குள் நல்ல ஏசி. கடைக்காரர் கார்டு பெயரைக் கேட்டதுமே சிரித்தார். “470-ஐ 570 ஆக்கித் தரேன் ப்ரோ. பயாஸ் மாத்தினா போதும்.” பயாஸ் என்றால் கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும், அதன் வேகத்தைத் தீர்மானிக்கும் ப்ரோகிராம். ஒன்றரை மணி நேரம் கழித்து மானிட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். 470 என்று இருந்த இடத்தில் 570 என்று இருந்தது. கார்டைச் சோதிக்கும் ஹெவன் டெஸ்ட்டை ஓடவிட்டார், மூன்று நிமிடம் இருக்கும். மூலையில் சூடு 71 டிகிரி. “நம்பலைன்னா நீங்களே பாருங்க. எதுனா ஆச்சுன்னா கேரண்டி நான்.” தம்பி வாயெல்லாம் பல்லாக நின்றான். நான் விழுந்த இடம் அதுதான். ஏசி ரூமில் மூன்று நிமிடம் ஓடினால் எந்தக் கார்டுதான் 71 காட்டாது என்று அப்போது தோன்றவில்லை.

கணக்கு இப்படி: ஓவர்கிளாக் 1,800. கார்டைக் கழற்றி, சுத்தம் செய்து, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்ற 700. “பழைய 450 வாட்ஸ் தாங்காது ப்ரோ” என்று புதுசாக ‘650 வாட்ஸ்’ பவர் சப்ளை 2,000, அதுவும் பழையதை எக்ஸ்சேஞ்ச் எடுத்துக்கொண்டு. மொத்தம் 4,500. பில் கேட்டேன். “பில் போட்டா ஜிஎஸ்டி 18 பர்சென்ட் சேரும், உங்களுக்குத்தான் நஷ்டம்” என்று சொல்லி, விசிட்டிங் கார்டின் பின்னால் ‘1 மாசம் வாரண்டி’ என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார். கையெழுத்து கூட இல்லை. வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டேன், என்னைச் சொல்லணும்.

எங்கள் வீட்டு அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே. இப்போது அக்னி நட்சத்திரம். முதல் நாளே சூடு 88, 90 என்று ஏறியது. மூன்றாம் நாள் திரையில் பச்சைப் புள்ளிகள் மினுக்கின. போன் போட்டேன், “டிரைவர் அப்டேட் பண்ணுங்க” என்றார். செய்தோம், புள்ளி போகவில்லை. அடுத்த முறை, “கேமை கொஞ்சம் கம்மியா ஆடச் சொல்லுங்க.” கேம் ஆடத்தானய்யா காசு கொடுத்தேன்! அப்புறம் கடைப் பையன் எடுத்து, “அண்ணன் வெளியே போயிருக்காரு, நாளைக்கு வாங்கண்ணா” என்றான். அடுத்த நாளும் அதே. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழும். நேற்று ராத்திரி கதை முடிந்தது.

இன்று காலை தம்பியும் நானும் கார்டைக் கழற்றிப் பார்த்தோம். சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் திருகு நான்கிலும் ஸ்டார் பள்ளத்துக்குள் தூசி அப்படியே அடைத்திருந்தது. ஸ்க்ரூடிரைவர் பட்டிருந்தால் அந்தத் தூசி இருக்காது. உள்ளே பேஸ்ட், வெற்றிலைக்கடைச் சுண்ணாம்பு காய்ந்த மாதிரி பொரிந்து உதிர்ந்தது. 700 ரூபாய் அதற்கு.

பவர் சப்ளையைக் கையில் எடுத்தால் வெறும் டப்பா கனம். மேலே 650 வாட்ஸ் என்று பெரிதாக, பக்கவாட்டில் பொடி எழுத்தில் 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர். 12 பெருக்கல் 18, 216 வாட்ஸ். கார்டும் பிராசஸரும் குடிப்பது அந்த 12 வோல்ட் லைனிலிருந்துதான். ஆர்எக்ஸ் 570-க்கு 150, பிராசஸருக்கு 65, ஆகமொத்தம் 215. மதர்போர்டு, ஃபேன், ஹார்டு டிஸ்க் எல்லாவற்றுக்கும் மிச்சம் 1 வாட்! அதுவும் லேபிள் உண்மை சொல்கிறது என்று வைத்துக்கொண்டால்.

இதெல்லாம் எதற்காக? 470-லும் 570-லும் உள்ளே ஒரே 2048 கோர்தான். சிப் கம்பெனியான ஏஎம்டி குறித்திருக்கும் அதிகபட்ச வேகம் 470-க்கு 1206 மெகாஹெர்ட்ஸ், 570-க்கு 1244 மெகாஹெர்ட்ஸ். வித்தியாசம் 38. மெமரி வேகம் கொஞ்சம் கூடும். தம்பி வீட்டிலேயே மவுஸை நகர்த்திச் செய்திருக்கக்கூடிய வேலை.

பத்து மணிக்கு நேரில் போனேன். “உங்க ஏரியால வோல்டேஜ் சரியில்ல ப்ரோ, அதுக்கு நான் இன்னா பண்றது?” விசிட்டிங் கார்டைக் காட்டினேன். “இது சர்வீஸ் வாரண்டி, ஐட்டம் வாரண்டி இல்ல.” சரி, என் பழைய பவர் சப்ளையையாவது கொடு என்றேன். அது அன்றைக்கே கைமாறிவிட்டதாம். பழைய பயாஸைக் காப்பி எடுத்து வைத்தாயா என்று கேட்டதற்கு, ஏதோ சொத்துப் பத்திரம் கேட்ட மாதிரி முழித்தார். 4,500-ல் ஒரு பைசா திரும்பவில்லை, கார்டும் போச்சு.

பத்திரமாக ஓவர்கிளாக் செய்வது பற்றி விவரமாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. வேகமாகச் சொல்கிறேன். பழைய கார்டு என்றால் முதலில் தூசி தட்டி பேஸ்ட் மாற்றுங்கள், வேகமெல்லாம் அப்புறம். பயாஸில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். சாஃப்ட்வேரில் ஏற்றினால் ரீசெட் அடித்துத் திரும்பி வரலாம். ஒரு தடவைக்கு 10, 15 மெகாஹெர்ட்ஸ் மட்டும் ஏற்றி, உங்கள் வீட்டு அறையில், மத்தியான வெயிலில், இருபது நிமிடமாவது ஓடவிட்டுப் பாருங்கள். புள்ளி தெரிந்தால் இறக்கிவிடுங்கள். வோல்டேஜைத் தொடாதீர்கள். பவர் சப்ளையில் பெரிய எழுத்தை விட்டுவிட்டு 12 வோல்ட் ஆம்பியரைப் பாருங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசப் போகிறேன். ஆதாரம் என்று கையில் இருப்பது 4,500-க்கு ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும், அந்த விசிட்டிங் கார்டும்தான். தூசி அடைத்த திருகையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். தம்பி காலையிலிருந்து சாப்பிடவில்லை, அம்மா என்னைத்தான் திட்டுகிறார்.