அப்பாவின் காரும் அசையாத பெட்ரோல் முள்ளும்

விடுமுறைக்கு ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே, அப்பாவின் பழைய காரில் பெட்ரோல் முள் காலிக் கோட்டை விட்டு எழுவதே இல்லை என்பதைக் கவனித்தேன். "அது ரொம்ப நாளா அப்படித்தான்" என்றார் அப்பா. பெட்ரோல் போடும்போதெல்லாம் கிலோமீட்டரையும் லிட்டரையும் ஒரு சிறிய நோட்டில் குறித்துவைத்து, கணக்குப் போட்டே வண்டியை ஓட்டி வந்திருக்கிறார். அந்தக் கணக்கு அவருக்குச் சரிப்படும். வருடத்துக்கு ஒரு முறை வந்து வண்டியை எடுக்கும் எனக்குச் சரிப்படாது என்பதால், டேங்கை நிரப்பிக்கொண்டு பட்டறைக்குச் சென்றேன்.

முதலில் போன இடத்தில், சாவியைத் திருப்பிப் பார்த்த மாத்திரத்தில் மீட்டர் செட் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சோதனை எதுவும் நடக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவன் என்பதால் தீர்ப்பு இத்தனை விரைவாக வந்ததோ என்று தோன்றியது. ஆனால் நான் வசிக்கும் நாட்டிலும் இதே பதிலைக் கேட்டிருக்கிறேன் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

அடுத்து, வண்டிகளின் மின்சார வேலையை மட்டும் பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே வேறாக இருந்தது: "டெம்பரேச்சர் முள் ஏறுதா தம்பி?" ஏறுகிறது என்றேன். இந்த வண்டியில் இரண்டு முட்களுக்கும் ஒரே ஃபியூஸ் வழியாகத்தான் மின்சாரம் வருகிறது. ஒன்று வேலை செய்வதால், ஃபியூஸையும் மீட்டருக்கு வரும் மின்சாரத்தையும் சந்தேகப்பட வேண்டியதில்லை என்று விளக்கினார். பிறகு பின் இருக்கையைத் தூக்கி, அதன் அடியில் இருந்த தகட்டைக் கழற்றி, டேங்க் யூனிட்டுக்குப் போகும் வயரைப் பிரித்தார்.

டேங்க் யூனிட் என்பது ஒரு மிதவை, அதைத் தாங்கும் கம்பி, அந்தக் கம்பியோடு நகர்ந்து மின்தடையைக் கூட்டிக் குறைக்கும் ஒரு தொடுமுனை, அவ்வளவுதான். சில வண்டிகளில் காலி டேங்குக்கு 240 ஓம், நிறைந்த டேங்குக்கு 33 ஓம் என்று மின்தடை இறங்கும். வேறு சிலவற்றில் 10 ஓமில் தொடங்கி 180 வரை ஏறும். எங்களுடையது முதல் வகையைப் போல் இறங்குவது. அதனால் பிரித்த வயரை ஒரு சிறிய பல்பு வழியாக வண்டியின் உடம்போடு சேர்த்தபோது, முள் மெதுவாக, தயங்குவதுபோல், நிறைவுக் கோட்டை நோக்கி ஏறியது. (நேராகத் தொடாமல் நடுவில் பல்பு வைப்பது, அதிக மின்சாரம் பாய்ந்து மீட்டர் எரிந்துவிடாமல் இருக்க.) மாற்ற வேண்டும் என்று சொல்லப்பட்ட மீட்டரில் குறையே இல்லை என்பது அந்த அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

குறை எர்த்தில், அதாவது மின்சாரம் வண்டியின் உடம்பு வழியாகத் திரும்பிப் போகும் இணைப்பில், இருந்தது. டேங்க் யூனிட்டிலிருந்து வரும் கறுப்பு வயர் வண்டியின் உடம்பில் திருகப்பட்டிருந்த இடம் துருவேறி, மல்டிமீட்டரில் இணைப்பே இல்லை என்று காட்டியது. உப்புத்தாளால் உலோகம் பளபளக்கும் வரை தேய்த்து, புதிய திருகு போட்டு முடுக்கினார். முள் முக்கால் டேங்குக்கு மேல் போய் நின்றது. வேலை முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். அவரோ, "டேங்க் பாதிக்கு வரட்டும், அப்புறம் ஒரு தரம் காட்டுங்க" என்று அனுப்பினார்.

அவர் சொன்னது வீண்போகவில்லை. நான்காம் நாள், பாதியை நெருங்கும்போது முள் திடீரென்று காலிக்கு விழுந்தது. ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கியதும் மீண்டும் எழுந்தது. இம்முறை பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் யூனிட்டை வெளியே எடுத்தார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கி நிற்கும் என்பதால், திறந்த வெளியில், டேங்கின் வாயைத் துணியால் மூடிவைத்து வேலை நடந்தது. மிதவையைக் காதருகே குலுக்கிப் பார்த்தார்; உள்ளே பெட்ரோல் ஏறியிருந்தால் சலசலக்கும், சத்தமில்லை. தொடுமுனை உரசும் பட்டையில்தான், சரியாக நடுவில், நகத்தை வைத்தால் தட்டுப்படும் அளவுக்கு ஒரு தேய்மானம் இருந்தது. அப்பா டேங்கை நிரப்பியதும் இல்லை, காலியாக விட்டதும் இல்லை. முள்ளே தெரியாத காலத்திலும் மிதவை அந்த நடுப்பகுதியிலேயே அலைந்து பட்டையைத் தேய்த்திருக்கிறது.

புதிய யூனிட்டும், அதன் அடியில் புதிய ரப்பர் வளையமும் போட்டார். பழைய வளையத்தையே திரும்பப் போட்டால் வண்டிக்குள் பெட்ரோல் வாடை அடிக்கும் என்றார். இப்போது முள் ஒழுங்காக இறங்குகிறது. கால் டேங்குக்குக் கீழே மட்டும் வளைவுகளில் சற்று ஆடுகிறது. அப்பா நேற்றும் பெட்ரோல் போட்டுவிட்டு வந்து, முள்ளைப் பார்த்தபடியே நோட்டை எடுத்து லிட்டரைக் குறித்துக்கொண்டார்.