மில்ஸ் கையெறி குண்டு: 5, 23, 36-ஐ அடையாளம் காண்பது எப்படி?

பழைய பிரிட்டிஷ் ராணுவக் கையெறி குண்டு என்று சேகரிப்பாளர்களிடம் விற்பனைக்கு வருவதில் பெரும்பகுதி மில்ஸ் குண்டுதான். பர்மிங்ஹாமில் வில்லியம் மில்ஸ் உருவாக்கிய இந்த வகை 1915-ல் ராணுவத்துக்கு வந்தது. முதல் உலகப் போரில் மட்டும் 7 கோடிக்கு மேல் தயாரானது. எல்லாமே கட்டம் கட்டமாகப் பள்ளம் விழுந்த வார்ப்பிரும்பு முட்டைகள். மேலோட்டமாகப் பார்த்தால் 1916-ல் செய்ததும் 1943-ல் செய்ததும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் எண் 5, எண் 23, எண் 36 என்ற மூன்றும் வேறு வேறு. விலையும் அதைப் பொறுத்தே மாறும். எந்த அடையாளத்தை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பார்ப்போம்.

முதலில் குண்டைத் தலைகீழாகப் பிடித்து அடிமூடியைப் பாருங்கள். கீழே திருகி மூடியிருக்கும் வட்டத் தகடு அது. பெரும்பாலும் தயாரிப்பாளர் பெயர் அல்லது அதன் சுருக்கம், குண்டின் எண், மார்க் (அதே எண்ணின் எத்தனையாவது வடிவம் என்பது), சிலவற்றில் மாதமும் ஆண்டும் அதில் இருக்கும். எண் 5 கையால் வீசுவதற்கு மட்டுமே ஆனது. அதனால் அதன் அடிமூடியில் நடுவே மரையிட்ட துளை இருக்காது. எண் 23-ல் அந்தத் துளை இருக்கும். அதில் ஓர் இரும்புக் கம்பியைத் திருகி, கம்பியைத் துப்பாக்கிக் குழாய்க்குள் செருகி, வெற்றுத் தோட்டாவால் குண்டைத் தூரமாகச் செலுத்துவார்கள்.

சிக்கல் இங்கேதான். எண் 23 மார்க் 1 என்பது, எண் 5-ன் உடலில் துளையுள்ள அடிமூடியைப் போட்டதுதான். அப்படியென்றால் இந்த இரண்டையும் பிரிப்பது அந்த ஒரு மூடி மட்டுமே. மூடியோ கழற்றி மாட்டக்கூடியது! எண் 23 மூடி கிடைத்த யாரும் ஒரு எண் 5-ஐ எண் 23 ஆக்கிவிடலாம், யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே இந்த இரண்டுக்குள் எதை வாங்குவதென்றால், மூடியின் முத்திரை தெளிவாக இருப்பதற்குத்தான் காசு கொடுங்கள். தேய்ந்துபோய் எழுத்தே தெரியாத மூடியை 'அரிய வகை' என்று சொன்னால் ஒதுக்கிவிடலாம்.

எண் 23-ன் மார்க் 2-ல் மூடியே மாறியது. முன்பு மூடியைத் திருகக் கருவி வேண்டும், இதைக் கையாலேயே இறுக்கலாம். மார்க் 3-ல் உடலும் மாறியது: வார்ப்பு இன்னும் கனம், வெடிமருந்து நிரப்பும் துளை பெரிது. எனக்கு இந்த மூன்றாம் மார்க்தான் மிகவும் பிடித்தது. போர் நடந்துகொண்டிருக்கும்போதே பட்டறைக்காரர்கள் கற்றுக்கொண்டது அந்த உடலிலேயே பதிந்திருக்கிறது.

கம்பி முறையால் துப்பாக்கிக் குழாய் கெட்டுப்போனது. அதற்கு மாற்றாகக் குழாயின் வாயில் பொருத்தும் 2.5 அங்குலக் கிண்ணம் வந்தது. அதற்கேற்ப 1918-ல் எண் 36 வந்தது. இதற்கும் அடிமூடியில் மரைத்துளை உண்டு. ஆனால் அதில் திருகுவது கம்பியை அல்ல, வாயுவைத் தடுக்கும் ஒரு வட்டத் தகட்டை. தகடு தொலைந்துபோன எண் 36-ஐ எண் 23 என்று நினைத்துவிடுவது எளிது. அதனால் இங்கே மூடியை மட்டும் பார்த்தால் போதாது, உடலைப் பாருங்கள். லீவரை (குண்டின் பக்கவாட்டில் படிந்திருக்கும் உலோகப் பிடி) தாங்கும் இரண்டு காதுகள் எண் 36-ல் தடித்து, பலமாக இருக்கும். எண் 5-லும், அதே உடலைக் கொண்ட எண் 23 மார்க் 1-லும் மெலிந்திருக்கும். வார்ப்பிலேயே வந்த காதை யாரும் மாற்றிவிட முடியாது. மூடியில் இருப்பதைவிட இதையே நான் அதிகம் நம்புவேன்.

எண் 36எம் என்பதும் இந்தக் குடும்பம்தான். மெசொப்பொத்தேமியாவின் (இன்றைய ஈராக்) வெப்பத்துக்காக அரக்குப் பூசி ஈரம் புகாமல் செய்த வகை அது. இதுவே பின்னர் நிலையான குண்டாகி, பிரிட்டனில் 1972 வரை பயன்பாட்டில் இருந்தது. இந்திய ராணுவத்திலும் இந்த வகை மிக நீண்ட காலம் இருந்தது. அதற்கு மாற்றாக 'மல்டி-மோட்' என்ற புதிய கையெறி குண்டு 2021-ல்தான் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஆகவே '36எம்' என்று மூடியில் இருப்பதால் மட்டும் அதை முதல் உலகப் போர்க் குண்டு என்று சொல்ல முடியாது. ஆண்டைப் பாருங்கள், உலோகத்தையும் பாருங்கள். முதல் போர்க்கால மூடிகளில் பித்தளையும் அலுமினியமும் இரும்பும் வரும். இரண்டாம் போர்க்காலத்தவற்றில் துத்தநாகக் கலவை அதிகம்.

பெயிண்டைப் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது நம்பிக்கைக்கு உகந்ததல்ல. மேலே ஒரு சிவப்பு வளையம் இருந்தால் மருந்து நிரப்பியது என்று பொருள். நடுவே பச்சைப் பட்டை மருந்தின் வகையைச் சொல்லும். முதல் போரில் அது அமடோல், பிற்காலத்தில் பாரடோல். அம்மோனால் என்றால் இளஞ்சிவப்பு. வெள்ளையடித்து, உடலில் துளையிட்டது பயிற்சிக் குண்டு. எல்லாம் சரி, ஆனால் ஒரு தூரிகை இருந்தால் இவை அனைத்தையும் இன்று மாலையே போட்டுவிடலாம். புதிய பெயிண்ட் பள்ளங்களின் அடிவரை சீராகப் படிந்திருந்தால், அல்லது துரு மீதே பூசப்பட்டிருந்தால், அதை அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். துளையிட்ட பயிற்சிக் குண்டை மட்டும் நான் விதிவிலக்காக வைப்பேன். துளை நிஜமானது, தவிர உள்ளே வெறுமை என்பது கண்ணுக்கே தெரியும்.

இதில் சமரசமே கூடாது. மருந்தும் வெடிப்பானும் இல்லை என்று விற்பவர் திறந்து காட்டிய குண்டை மட்டும் வாங்குங்கள். நிலத்தில் தோண்டியெடுத்ததையோ, தாத்தாவின் பெட்டியில் கிடைத்ததையோ திருகிப் பார்க்காதீர்கள். நூறு வயதானாலும் உள்ளே இருக்கும் மருந்து உயிரோடு இருக்கலாம். விலகி நின்று காவல்துறையை அழையுங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், வெற்றுக் குண்டையே வாங்குவதாக இருந்தாலும் உங்கள் ஊர் விதியை முதலில் விசாரித்துவிடுங்கள்.