பழைய ஸ்டேபிலைசர் இரும்பில் நானே சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர்: நெடுநாள் அனுபவம்

காவேரிப்பட்டணத்தை அடுத்த எங்கள் மாந்தோப்பில் டிராக்டரின் 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது, பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய ஸ்டேபிலைசரைப் பிரித்து நானே சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர்தான். சில ஆண்டுகளாக அது பழுதின்றி உழைப்பதற்குக் காரணம், இரும்பை மட்டும் பழையதாக எடுத்துக்கொண்டு, கம்பியையும் காப்புத் தாளையும் புதிதாக வாங்கியதே என்று உறுதியாக நம்புகிறேன். சிலிக்கான் எஃகு ஸ்டாம்பிங்குகள் (டிரான்ஸ்ஃபார்மர் இரும்பாக அடுக்கப்படும் மெல்லிய தகடுகள்) துருவேறாமலும் வளையாமலும் இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படும். கம்பியின் மேலுள்ள காப்புப் பூச்சான எனாமலோ, உரித்தெடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்தாலும், பக்கத்துச் சுற்றோடு ஷார்ட்டாகிச் சுருள் முழுவதையும் கருக்கிவிடும்.

ஸ்டேபிலைசரில் இருப்பது பெரும்பாலும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். அதன் சுருள் ஒரே தொடர்ச்சியாக இருப்பதால், குறைந்த வோல்ட் வரும் முனையைத் தொட்டாலும் வீட்டு லைனையே தொட்டதாகிவிடும். ஆகவே பழைய சுற்றை முற்றிலும் நீக்கி, லைன் மின்சாரம் நுழையும் பிரைமரிச் சுருளையும் குறைந்த வோல்ட் வெளிவரும் செகண்டரிச் சுருளையும் தனித்தனியே சுற்றி, இடையில் லெதராய்டு என்னும் காப்புத் தாளைப் பல அடுக்காக வைத்தேன்.

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு, இரும்பில் சுருள் ஏறும் நடுக்காலின் குறுக்குப் பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் அளந்து 45-ஐ அதனால் வகுத்தால், ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பது கிடைக்கும். எனது இரும்பின் பரப்பு 12.8, கணக்கு 3.5 என்றது, நான் 4 வைத்தேன். பகலில் பம்புசெட்டுகள் ஓடும்போது தாழ்ந்து கிடக்கும் வோல்டேஜ், அவை நின்றபின் இரவில் 250-ஐத் தொடுவதை எங்கள் பக்கத்தில் பார்க்கிறோம். அந்நேரத்தில் இரும்பு நிறைசெறிவை (அதற்குமேல் காந்தமேறாத நிலையை) எட்டிச் சூடேறாதிருக்க இந்தக் கூடுதல் சுற்றுகள் மிகவும் உதவுகின்றன. பிரைமரிக்கு 920 சுற்று, 27 கேஜ் (கம்பியின் பருமன் எண்); 15 வோல்ட் செகண்டரிக்கு 16 கேஜ். இரவு முழுவதும் 5 ஆம்பியர் எடுத்தாலும் கை வைத்துப் பார்க்கும் அளவுக்குத்தான் சூடு இருக்கிறது.

முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணைத்துப் பார்ப்பது அவசியம். செகண்டரியில் எதையும் இணைக்காதபோதே பல்பு பளிச்சென்று எரிந்தால் உள்ளே சுற்றுகள் ஷார்ட்டாகியிருக்கின்றன என்று பொருள். நாளடைவில் உறுமல் கூடினால், ஸ்டாம்பிங்குகள் தளர்ந்திருக்கும். போல்ட்டை இறுக்கி, வார்னிஷ் விட்டுக் காயவைத்ததில் எனக்கு அது அடங்கியது.

மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரை இவ்வேலைக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். அதன் செகண்டரி தரும் சுமார் 2000 வோல்ட் உயிரைப் பறிக்கும். அதை நீக்கிவிட்டுச் சுற்றினாலும், விசிறிக் காற்றில் சிறிது நேரம் ஓடுவதற்கென்று குறைந்த இரும்பில் செய்யப்பட்ட அது, லோடு இல்லாமலே கொதிக்கும்.