பள்ளிக்கான சைக்கிள் பயிற்சியும் மண்தடமும்: ஓராண்டு அனுபவத்தில் ஒரு மதிப்பீடு

எங்கள் பள்ளியில் 10 முதல் 14 வயது வரையுள்ள மாணவர்களுக்குச் சைக்கிள் பயிற்சி அளிக்கவும், வளாகத்தை ஒட்டிய மேட்டில் அவர்கள் ஓட்டுவதற்கு மண்தடம் ஒன்று அமைக்கவும் ஒரு நிறுவனத்தை அமர்த்தினோம். பொறுப்பாசிரியராக ஓராண்டு முழுவதும் உடனிருந்து பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன். தடம் அமைத்த பணிக்கு முழு மதிப்பெண் தருவேன். பயிற்சியும் நன்று. அவர்கள் கொடுத்த சைக்கிள்களைப் பற்றித்தான் எனக்குக் குறை உண்டு.

முதல் நாள் வந்தவர்கள் மண்வெட்டியைத் தொடவே இல்லை. மேட்டின் சரிவை அளந்து சிறு கொடிகளை நட்டுவிட்டுப் போனார்கள். பிறகு மழை பெய்த ஒரு நாளில் திரும்பி வந்து, தண்ணீர் எந்தெந்த வழியாக இறங்குகிறது என்று குடை பிடித்துக்கொண்டு பார்த்து, பாதிக் கொடிகளை இடம் மாற்றினார்கள். மண்தடத்தைக் கெடுப்பதில் டயரைவிடத் தண்ணீருக்கே பங்கு அதிகம் என்பதும், மேட்டின் முகத்தில் நேராக இறங்கும் பாதை சில மழைகளிலேயே ஓடையாக அரித்துவிடும் என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கின. தடத்தின் சரிவு, அது குறுக்கே கடக்கும் மேட்டுச் சரிவில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது தடம் அமைப்போர் பின்பற்றும் விதி. அதாவது, 16 சதவீதச் சரிவுள்ள இடத்தில் தடம் 8 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. இந்த விதியை அவர்கள் ஓரிடத்திலும் தளர்த்தவில்லை. இலைமக்கு கலந்த மேல்மண் பஞ்சுபோல் நீரைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், அதை வழித்தெடுத்துக் கெட்டிமண் தெரிந்த பிறகே தளத்தை இறுக்கினார்கள். தளத்துக்குக் கொத்தனார் வைக்கும் வாட்டத்தைப் போல, தடத்தின் வெளிப்புறம் 5 சதவீத அளவுக்குத் தாழ்ந்திருக்கிறது. நீண்ட இறக்கங்களுக்கு நடுவே சிறு ஏற்றங்களையும் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் அங்கே தடுக்கப்பட்டு வெளியேறிவிடுகிறது. பிள்ளைகளுக்கோ அவைதான் தடத்திலேயே மிகவும் பிடித்த இடங்கள்.

தொடர்மழை ஓய்ந்ததும் தடம் முழுவதையும் நடந்து பார்த்தேன். ஒரே ஒரு வளைவில் மட்டும் நீர் தேங்கியிருந்தது. டயர்கள் ஒதுக்கிய மண் வெளியோரத்தில் வரப்பாக எழும்பி வழியை அடைத்திருந்தது. குட்டையைச் சுற்றிப் போன பிள்ளைகளால் தடம் இரண்டு சாண் அகலமும் கூடியிருந்தது. தகவல் சொன்னதும் பயிற்சியாளர்கள் வந்து, அன்றைய வகுப்பையே அந்த வளைவில் நடத்தினார்கள். பிள்ளைகள் தாங்களே வரப்பை வெட்டிவிட்டு, தேங்கிய நீர் வழிந்தோடுவதை நின்று பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஈரத் தடத்தில் ஓட்டக் கூடாது என்று யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பயிற்சி சமதளத்தில், பிரேக் பிடிப்பதிலிருந்து தொடங்கியது. ஏறும் முன் காற்று, பிரேக், செயின் மூன்றையும் பார்ப்பது, இறக்கத்தில் இரு பெடல்களையும் கிடைமட்டமாக வைத்து முழங்கையைத் தளர்த்திக்கொள்வது, முன்சக்கரத்தைப் பார்க்காமல் போக வேண்டிய இடத்தைப் பார்ப்பது ஆகியவை பழக்கமாகும் வரை மேட்டுக்கு அழைத்துச் செல்லவில்லை. எட்டுப் பேருக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று இரண்டு பயிற்சியாளர்கள் எப்போதும் இருந்தார்கள். வேகமில்லாத பிள்ளை என்று எவரையும் ஓரமாக உட்கார வைக்கவில்லை. இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இனி குறை. வந்த சைக்கிள்கள் அனைத்தும் 24 அங்குலச் சக்கரம் கொண்டவை. ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி சிறு இறக்கத்தில்கூடக் காலைத் தரையில் உரசியே நின்றாள். பயம் என்றார் பயிற்சியாளர். அவளை ஹேண்டில்பாரைப் பிடிக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தேன்: பிரேக் பிடியை அவளுடைய விரல் நுனிகள் தொட்டனவே தவிர, இழுக்க முடியவில்லை. பிடிக்கு அருகே இருக்கும் சிறு திருகை ஆலன் கீயால் சில சுற்றுத் திருகியதும் பிடி உள்ளே வந்தது. அன்று மாலையே, சுண்ணாம்பால் போட்ட கோட்டில் இரு கால்களும் பெடலில் இருக்க நிறுத்தினாள். முதல் வகுப்புக்கு முன்பே ஒவ்வொரு பிள்ளையின் கைக்கும் இதைச் சரிபார்த்திருக்க வேண்டும். நாங்கள் கேட்ட பிறகே எல்லாப் பிடிகளையும் சரிசெய்து, 20 அங்குலச் சைக்கிள்கள் நான்கையும் கொண்டுவந்தார்கள். இன்னொரு முறை, கீழே விழுந்ததில் விரிசல் கண்ட ஹெல்மெட் மறுபடியும் பெட்டிக்குள் போயிருந்தது. பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை அன்றே ஒதுக்கிவிட வேண்டும்; இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

அடுத்த ஆண்டுக்கும் இவர்களையே அமர்த்தியிருக்கிறோம். இம்முறை ஒப்பந்தத்தில் மூன்றைச் சேர்க்கச் சொன்னேன்: பிள்ளைகளின் உயரத்துக்கேற்ற சைக்கிள் பட்டியலை முன்னதாகவே தருவது, ஹெல்மெட்டுகளை ஒவ்வொரு வகுப்புக்குப் பின்னும் பார்ப்பது, மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் மாணவர்களோடு சேர்ந்து தடத்தைச் செப்பனிடுவது. மூன்றுக்கும் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.