தங்கமீனைக் குளத்துக்கு மாற்றும் முன்: ஏபிஐ ஃப்ரெஷ்வாட்டர் மாஸ்டர் டெஸ்ட் கிட்

தொட்டித் தங்கமீனைத் தோட்டத்துக் குளத்தில் விட நினைப்பவர்கள் முதலில் பம்பையும் வலையையும் வாங்குகிறார்கள். அதற்கு முன்பே வாங்க வேண்டியது தண்ணீரைச் சோதிக்கும் இந்தச் சொட்டுக் கிட். புதுக் குளத்தில் மீன் கழிவிலிருந்து வரும் விஷமான அம்மோனியா ஏறினால் தண்ணீர் தெளிவாகத்தான் தெரியும். மீன் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

பெட்டியில் 7 பாட்டில்கள், 4 குழாய்கள், கலர் அட்டை. எல்லாச் சோதனைக்கும் 5 மி.லி. தண்ணீர். அம்மோனியாவுக்கு இரண்டு பாட்டிலிலிருந்தும் 8 சொட்டு, அம்மோனியா சிதைந்து வரும் நைட்ரைட்டுக்கு 5 சொட்டு. குலுக்கி 5 நிமிடம் வைக்க வேண்டும். அம்மோனியா மஞ்சளாகவும் நைட்ரைட் வெளிர் நீலமாகவும் நின்றால் பூஜ்யம். ஆனால் மீனே இல்லாத குளத்தில் வரும் பூஜ்யத்தை நம்பாதீர்கள். அழுக்கு சேரவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். அழுக்கைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா வாழும் பழைய தொட்டியின் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் காயவிடாமல் குளத்து ஃபில்டருக்குள் வைத்து, மீனை விட்ட பிறகு முதல் சில வாரம் தினமும் பாருங்கள். அம்மோனியாவோ நைட்ரைட்டோ 0.25 பிபிஎம்மைத் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) தாண்டினாலே தீனியை நிறுத்திக் கொஞ்சம் தண்ணீர் மாற்ற வேண்டும்.

பலரும் தவறுவது நைட்ரைட்டுக்கு அடுத்த நிலையான நைட்ரேட்டில். இரண்டாவது பாட்டிலின் மருந்து அடியில் படிந்து இறுகிவிடும். மேசையில் தட்டி இளக்கி, 30 விநாடி பலமாகக் குலுக்கி, 10 சொட்டு விட்டபின் குழாயை ஒரு முழு நிமிடம் குலுக்க வேண்டும். சோம்பினால் நைட்ரேட் குறைவாகக் காட்டும், குளம் சுத்தம் என்று ஏமாந்துவிடுவோம். 40 பிபிஎம்முக்கும் 80-க்கும் நிற வித்தியாசமே சரியாகத் தெரிவதில்லை. அட்டையின் பெரிய குறை இது. பகல் வெளிச்சத்தில் அட்டையின் வெள்ளைப் பகுதிமேல் குழாயை ஒட்டி வைத்துப் பாருங்கள். குழாய் வாயை விரலால் மூடிக் குலுக்க வேண்டாம், மூடியைப் போடுங்கள்.

பிஹெச்சுக்கு, அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மைக்கு, இரண்டு பாட்டில்கள். முதலாவது உச்ச அளவான 7.6-ஐக் காட்டினால் இரண்டாவதாலும் சோதிக்க வேண்டும். வெயில் விழும் குளத்தில் பாசி கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பிஹெச் மாலையில் ஏறும், விடிகாலையில் இறங்கும். இரு வேளையும் பாருங்கள், ஏறிய பிஹெச்சில் அதே அம்மோனியா கூடுதல் விஷம்.

பிஹெச் சட்டென மாறாமல் தாங்கும் கார்பனேட் அளவான கேஹெச்சுக்கு இதில் சோதனை இல்லை. மழைத் தண்ணீர் அதிகம் சேரும் குளத்துக்கு அது அவசியம், தனியாக வாங்குங்கள். குளோரினையும் காட்டாது, குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்து கட்டாயம். அந்த மருந்து விஷமில்லாதபடி கட்டிப்போட்ட அம்மோனியாவும் சேர்த்தே சோதனை எண்ணில் வரும், அதனால் உடனே பதறாதீர்கள். இதே நிறுவனத்தின் குளத்துக் கிட்டில் நைட்ரேட்டுக்குப் பதில் பாஸ்பேட்தான் இருக்கும். இந்த வேலைக்கு ஃப்ரெஷ்வாட்டர் கிட்டே மேல்.

விடும் நாளில் பையை மூடியபடி 20 நிமிடம் நிழலில் மிதக்கவிட்டு, பிறகு குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். வெகுநேரம் மூடியிருந்த பையைத் திறந்து போட்டால் கரியமில வாயு வெளியேறி பிஹெச் ஏறும். அதனால் சேர்க்கும் வேலை 10, 15 நிமிடத்தில் முடிய வேண்டும். மீனை மட்டும் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீரைக் குளத்தில் ஊற்ற வேண்டாம்.