பாட்டுப் போட்டி: ரிவி முன்னால் இரண்டு மணித்தியாலமா, போனில் நாலு பாட்டா?

சனி, ஞாயிறு இரவில் சூப்பர் சிங்கர், சரிகமப போன்ற பாட்டுப் போட்டி பார்க்க இப்போது இரண்டு வழி இருக்கிறது. நிகழ்ச்சி தொடங்குகிற நேரத்துக்கு ரிவி முன்னால் போய்க் குந்தி, முடியும் வரைக்கும் பார்க்கலாம். இல்லாவிட்டால் பாடின பாட்டுகளை மட்டும் யூரியூப்பில், நேரம் கிடைக்கிறபோது போனில் பார்க்கலாம். எங்கள் வீட்டில் பல வருசம் முதலாவது வழிதான். இப்போது இரண்டாவதுக்கு மாறிவிட்டோம். மாறினது காசுக்காக என்று பக்கத்து வீட்டு மாமி நினைக்கிறா. அது காரணமில்லை.

காசுக் கணக்கு சின்னது. டேட்டா எப்படியும் போடத்தான் போகிறோம். அம்மாவின் நாடகங்களுக்காக டிஷ்ஷும் எப்படியும் இருக்கத்தான் போகிறது. விளம்பரம் இரண்டிலும் வரும். மழை இருட்டினால் டிஷ் நிற்கும், காட்டோரத்துக் கிராமங்களில் போன் சிக்னல் நிற்கும். சமன். மிச்சம் இருப்பது நேரக் கணக்கும், அதைவிட முக்கியமான இன்னொன்றும்.

முழு நிகழ்ச்சிக்காகச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்து பார்ப்பது அதில் மட்டும்தான். செய்தி வந்தால் அப்பா மட்டும் இருப்பார், நாடகம் வந்தால் அம்மா மட்டும் இருப்பா, கிரிக்கெட் வந்தால் தம்பி. பாட்டென்றால் எல்லோரும் வந்து இருப்பார்கள். இன்னொன்று, நடுவர்களில் நல்லவர்கள் சொல்லித் தருகிற விசயம். பாடகர் ஸ்ரீநிவாஸ் போல ஒருவர் ஒரு சங்கதியைப் பிரித்துப் பாடிக் காட்டி, பிள்ளை எந்த இடத்தில் மூச்சு எடுத்திருக்கலாம் என்று சொல்லும்போது, சங்கீதம் படிக்காத எங்களுக்கும் காது கொஞ்சம் திறக்கும். போனில் வருகிற துண்டுகளில் இந்தப் பகுதியைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். அது நட்டம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த நல்ல இடத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு தாண்ட வேண்டியிருக்கிறது! ஒரு பாட்டு நாலைந்து நிமிசம். அதற்கு முதல் தொகுப்பாளர்களின் பகிடி. பிறகு பிள்ளையின் ஊர், வீடு, தகப்பனின் கஷ்டம், பின்னால் வயலின். பாட்டு முடிந்தால் நடுவர்கள் ஒவ்வொருவராக எழும்பிக் கைதட்டுவார்கள். கமரா தாயின் கண்ணைத் தேடிப் போகும். தாயை மேடைக்குக் கூப்பிடுவார்கள். மேலிருந்து மினுமினுத் தாள் கொட்டும். அடுத்த கிழமை படம் வரப்போகிற நடிகர் விருந்தினராக வந்திருந்தால் அவருடைய படக் கதையும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். இடைவேளைக்குப் போகும்போது வரப்போகிறதைக் காட்டுவார்கள், திரும்பி வந்ததும் காட்டினதையே மறுபடி காட்டுவார்கள்.

அந்தக் கஷ்டக் கதைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2009 போரைத் தாண்டி வந்த சனம் இருக்கிற வன்னி ஊர் இது. புதுக்குடியிருப்பிலோ விசுவமடுவிலோ எந்த வீட்டுக்குள் போனாலும் ஒரு கதை இருக்கும், யாரும் அதற்கு இசை போட்டுச் சொல்வதில்லை. பாடுகிற பிள்ளையின் வீட்டுக் கஷ்டம் பொய் என்று நான் சொல்லவில்லை. அதை ஒவ்வொரு கிழமையும் அதே பின்னணி இசையோடு தரும்போது அப்பா எழும்பி வெளியே போய்விடுவார், பாட்டுத் தொடங்கினால் கூப்பிடச் சொல்லிவிட்டு.

சரி, நீளம் ஒரு குறைதான். ஆனால் நீளத்தால் மட்டும் சனம் எழும்பிப் போகாது. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய் விடிய விடிய இருக்கிறவர்கள் நாங்கள். கூத்தென்றால் இரவு முழுக்கப் பாய் விரித்துப் பார்த்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு மணித்தியாலம் எங்களுக்குப் பெரிசில்லை. என்னைப் பொறுத்தவரை வேறொன்றுதான் முடிவு சொன்னது: இந்தப் போட்டியில் யாரும் தோற்பதில்லை.

ஒரு சுற்றைக் கூர்ந்து பாருங்கள். பத்துப் பிள்ளைகள் பாடினால் பத்துப் பேருக்கும் "பிரமாதம்", "மெய் சிலிர்த்தது", "கடவுளே வந்து பாடின மாதிரி" என்று தீர்ப்பு வருகிறது. சுருதி விலகினது வீட்டில் இருக்கிற எங்களுக்கே கேட்கும், அங்கே கேட்பதில்லை. "எல்லாம் நல்லாத்தானே பாடுதுகள், பிறகென்னத்துக்குப் போட்டி எண்டு வைக்கினம்?" என்று அம்மா ஒருநாள் கேட்டா. சின்னப் பிள்ளைகளிடம் கடுமை வேண்டாம் என்பது எனக்கும் சரிதான். பெரியவர்களின் சீசனிலும் அதுவே நடப்பதுதான் விளங்கவில்லை. அப்புறம், ஒருவர் வெளியேற வேண்டிய கிழமையில் இந்தக் கிழமை யாரும் வெளியேறவில்லை என்று அறிவிப்பு வரும். வெளியேறினாலும் வைல்ட் கார்ட் இருக்கிறது. போன மாதம் எல்லோரையும் அழவைத்துவிட்டுப் போனவர் வேறு சட்டையோடு திரும்பி வந்து நிற்பார். அந்த அழுகைக்கு நாங்கள் கொடுத்த நேரம் என்னவாகிறது?

இந்த இடத்தில் பழைய "பாட்டுக்குப் பாட்டு" ஞாபகம் வராமல் போகாது. பி.எச்.அப்துல் ஹமீத் இலங்கை வானொலியில் நடத்தி, பிறகு தொலைக்காட்சிக்கும் கொண்டுபோன நிகழ்ச்சி. மேடை எளிமை, பரிசு பெரிசில்லை, பாடினவர்களில் பலருக்குக் குரலும் சுமார்தான். ஆனால் பாட்டை நிறுத்துகிற எழுத்தில் அடுத்த பாட்டைத் தொடங்க வேண்டும், முடியாவிட்டால் போய் இருக்க வேண்டும். அதில் கெஞ்ச இடமில்லை. முக்கியமாக, கேட்டுக்கொண்டிருக்கிற எங்களுக்கும் அதில் வேலை இருந்தது. "மௌ" என்று வந்தால் வீடே சேர்ந்து தேடும். அங்கே முழிப்பவரை விட எங்கள் அம்மம்மா முந்திவிட்டால் அன்றைக்கு முழுக்க அதே கதைதான். கரண்ட் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலத்து ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், எந்த வார்த்தைக்கு யார் தடுமாறினார் என்று இன்றைக்கும் சொல்வார்கள். இப்போதைய போட்டிகளில் பார்ப்பவனுக்கு என்ன வேலை? கைதட்டுவதையும் அழுவதையும் கூட அங்கேயே ஆள் வைத்துச் செய்துவிடுகிறார்கள்.

தோல்வி இல்லாத போட்டியில் இந்தக் கிழமையைத் தவறவிட்டால் அடுத்த கிழமை ஒன்றும் விளங்காமல் போகாது. அப்படியென்றால் முழுசாகப் பார்க்கிறவனுக்கும் பாட்டை மட்டும் பார்க்கிறவனுக்கும் வித்தியாசம் இல்லை. நான் போன் பக்கம் சாய்ந்ததற்கு இதுதான் முழுக் காரணம். கதைத் தொடர்ச்சியை நான் விட்டுவிட்டு வரவில்லை, அங்கே அது இருக்கவே இல்லை.

இதற்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி வரும்: அப்படியென்றால் 2023இல் என்ன நடந்தது? ஜீ தமிழின் சரிகமப லிட்டில் சாம்ப்ஸில் யாழ்ப்பாணத்துப் பிள்ளை கில்மிஷா பாடின அந்த மாதங்களில் யாரும் போனில் துண்டு பார்த்துத் திருப்திப்படவில்லை. மலையகத்திலிருந்து அசானியும் அதே மேடையில் நின்றா. எங்கள் பக்கத்தில் கடைகளில் கூட அந்த நேரம் ரிவி போட்டு வைத்திருந்தார்கள். டிசம்பரில் கில்மிஷா வென்றபோது வெடி கொளுத்தின ஆட்களைத் தெரியும். அதற்கு முதல் 2015இல் விஜய் ரிவியின் சூப்பர் சிங்கர் ஜூனியர் இறுதிச் சுற்று. கனடாவிலிருந்து வந்த ஈழத்துப் பிள்ளை ஜெசிக்கா "விடை கொடு எங்கள் நாடே" பாடினா. அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. பாட்டே எல்லாவற்றையும் சொன்னது, வயலின் போட்டு விளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஜெசிக்காவுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது, பரிசுத் தங்கத்தை ஆதரவற்ற பிள்ளைகளுக்கென்று கொடுப்பதாக அங்கேயே அறிவித்தார்கள்.

இந்த இரண்டு சீசனும் என் வாதத்தை உடைக்கவில்லை, பலப்படுத்துகின்றன என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பிள்ளை வெளியேறினால் எங்களுக்கு நோகும். நடுவர் என்ன சொன்னாலும் சொல்லாவிட்டாலும் தோல்வி என்ற ஒன்றை நாங்களே உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டோம். அதனால்தான் விளம்பரத்தையும் பொறுத்துக்கொண்டு இருந்தோம். கில்மிஷா வென்று முடிந்தது, அடுத்த சீசன் வந்தது, முதல் கிழமை பார்த்தோம், பிறகு ரிவி ஓடிக்கொண்டிருக்கும், ஆட்கள் குசினியில் நின்று கதைத்துக்கொண்டிருப்பார்கள். நிகழ்ச்சி அதேதான்.

வேறு மாதிரி ஒரு விதிவிலக்கும் உண்டு. 2018இல் சூப்பர் சிங்கரில் செந்தில் கணேஷும் ராஜலட்சுமியும் நாட்டுப்புறப் பாட்டுகளோடு வந்தார்கள், செந்தில் கணேஷ் வென்றார். அவர்கள் எங்களுக்கு ஊரும் இல்லை உறவும் இல்லை. ஆனாலும் பார்த்தோம். அவர்கள் பாடினதில் பாதி நாங்கள் அதற்கு முதல் கேட்காதது. மற்றவர்கள் இளையராஜா பாட்டையோ ரகுமான் பாட்டையோ எடுத்தால் எஸ்.பி.பி.யோ ஜானகியோ சித்ராவோ பாடின குரல் எங்கள் காதில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும், அதோடு போட்டி போட்டு எந்தப் பிள்ளையால் முடியும்? 2006இல் சூப்பர் சிங்கர் தொடங்கினபோது ஊர்ப் பிள்ளை ஒன்று அந்தப் பாட்டுகளை மேடையில் பாடுவதே புதினமாக இருந்தது. இத்தனை சீசன் போன பிறகு அதே நூறு, நூற்றைம்பது பாட்டுகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. 2016இல் வென்றவர் ஏற்கெனவே படத்தில் பாடினவர் என்று தெரியவந்து சர்ச்சை எழும்பினபோது, புதுக் குரலைத் தேடுகிறோம் என்ற பேச்சிலும் பலருக்கு நம்பிக்கை விட்டுப்போனது.

தமிழ்ச் சனலுகளுக்கு மட்டும் வந்த வினை இல்லை இது. அமெரிக்காவின் பாட்டுப் போட்டியான அமெரிக்கன் ஐடல் 2002இல் தொடங்கி உச்சத்தில் மூன்று கோடிப் பேருக்கு மேல் பார்த்த நிகழ்ச்சி. கூட்டம் குறைந்து குறைந்து 2016இல் ஃபொக்ஸ் சனல் அதை நிறுத்தியது. இரண்டு வருசம் கழித்து வேறொரு சனல் எடுத்து நடத்துகிறது, ஆனால் பழைய கூட்டம் திரும்பவில்லை.

இனிப் போன் பக்கம். எனக்கு அது பொருந்தினது வேலையாலும்தான். காலபோக நெல் முற்றுகிற நேரத்தில் யானைக் காவலுக்கு வயலில் இரவு இருக்க வேண்டும். சனி ஞாயிறு என்று யானைக்குத் தெரியாது. கொட்டிலில் ஒரு பக்கம் யானை வெடி, ஒரு பக்கம் டோர்ச், காதில் ஒற்றைச் செவிக்கு மட்டும் இயர்போன். மற்றக் காது காட்டுப் பக்கம் திறந்திருக்க வேண்டும். அப்படி இருந்து கேட்கும்போது பாட்டு நல்லதா இல்லையா என்பது முதல் அடியிலேயே தெரிந்துவிடும். மினுமினுத் தாளும் இல்லை, அழுகிற தாயும் இல்லை, குரல் மட்டும்தான். ஒரு பிள்ளையின் பாட்டைப் பிடித்துவிட்டால் அதே இரவில் திரும்பத் திரும்பக் கேட்கலாம், பிடிக்காவிட்டால் பெருவிரலால் தள்ளிவிடலாம். அதுவும் ஒரு தீர்ப்புத்தானே. பார்ப்பவனிடமிருந்து நிகழ்ச்சி பறித்த வேலையைப் போன் கொஞ்சம் திருப்பித் தருகிறது.

குறையும் இருக்கிறது. பாட்டின் கீழேயே மூலப் பாட்டும் வந்து நிற்கும், ஒரு தட்டுத் தட்டினால் பிள்ளையின் கதை முடிந்தது. நன்றாகப் பாடினதை மட்டும் போடுவதால் யாரும் எங்கேயும் வழுக்காத மாதிரி ஒரு தோற்றம். பார்த்துக்கொண்டே போனால் பாட்டிலிருந்து சமையலுக்கும், சமையலிலிருந்து எங்கேயோவும் கொண்டுபோய் விட்டுவிடும். பெரிய குறை, ஆளுக்கொரு போனோடு ஆளுக்கொரு மூலையில் இருப்பது. நாங்கள் அதற்கு ஒரு வழி பண்ணியிருக்கிறோம்: ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, அந்தக் கிழமை ஆளாளுக்குப் பிடித்த பாட்டைப் போட்டுக் காட்ட வேண்டும். தம்பி போடுவது எனக்குப் பிடிக்காது, நான் போடுவது அவனுக்கு. சண்டை வருகிறது. முழு நிகழ்ச்சி பார்த்த காலத்தில் அந்தச் சண்டை வந்ததில்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இது சரிவருமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன், எங்கள் வீட்டில் எல்லோரும் வளர்ந்தவர்கள். பாட்டுப் படிக்கிற பிள்ளை இருந்தால் முழு நிகழ்ச்சியையே பார்க்கட்டும், அந்த நடுவர் விளக்கத்துக்காகவாவது.

விஜய் ரிவியா ஜீ தமிழா என்று கேட்பவர்களுக்கு: போனில் பார்த்தால் அந்தக் கேள்வியே இல்லை. முழுசாகத்தான் பார்ப்போம் என்றால் எனக்குச் சரிகமப கொஞ்சம் பிடிக்கும், பாட்டைத் தெரிவதில் அவர்கள் பரவாயில்லை. அது என் ருசி, அவ்வளவுதான்.

அம்மா மட்டும் இன்னும் இரண்டு பக்கமும் நிற்கிறா. ரிவி ஓடும், பக்கத்தில் முருங்கை இலை உருவிக்கொண்டிருப்பா, பாட்டு வந்தால் நிமிர்ந்து பார்ப்பா. அடுத்த சீசனில் முல்லைத்தீவுப் பிள்ளையோ கிளிநொச்சிப் பிள்ளையோ மேடையேறினால் நானும் பேசாமல் வந்து பக்கத்தில் குந்திவிடுவேன், காவலுக்குத் தம்பியை அனுப்பிவிட்டு.